கண்ணாடிப் பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு பிளஸ் டூ மாணவி உள்ளங்கையில் தையலோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள். அறிவியல் கண்காட்சிக்காக மீக்குளிர் நீரின், அதாவது 0 டிகிரிக்குக் கீழே போயும் உறையாத நீரின், அடர்த்தியை அளக்க ஆசைப்பட்டு, அடர்த்தி அளக்கும் சிறு கண்ணாடிப் பாட்டிலான ஒப்படர்த்திப் பாட்டிலை நிறைத்து வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். வெளியே எடுத்துத் துடைக்கும்போது உள்ளே சட்டென்று உறைந்து, பாட்டில் கையிலேயே உடைந்துவிட்டது. சேலத்தில் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் எனக்கு இது புதிதல்ல. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

4 டிகிரியில் தண்ணீர் அடர்த்தி அதிகம், அதற்குக் கீழே விரியும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அந்த விரிவு 0 டிகிரியோடு முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் ஐஸ் ஆனால்தான் விரியும் என்று நினைக்கிறார்கள். தவறு! சுத்தமான தண்ணீர் அசையாமல் இருந்தால் 0 டிகிரிக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். திரவமாக இருந்தபடியே விரிந்துகொண்டும் போகும். 0 டிகிரியில் கன சென்டிமீட்டருக்கு 0.9998 கிராம், மைனஸ் 10இல் 0.998, மைனஸ் 20இல் 0.9935, மைனஸ் 30இல் 0.984. குளிரக் குளிர விரிவின் வேகம் கூடுகிறது. நீர்மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "தப்பா வந்துருச்சு சார்" என்று சரியான அளவை அடித்துத் திருத்திய நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது. அந்த ஏற்றம்தானே இந்தச் சோதனையின் உயிர்!

1987இல் ஹேர், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அடர்த்தியை ஏறக்குறைய மைனஸ் 33 வரை அளந்தது பாட்டிலில் அல்ல, மெல்லிய கண்ணாடி நுண்குழாயில். தண்ணீர் குறைவாக இருந்தால் உறைதலைத் தொடங்கிவைக்கும் தூசியும் குறைவு. தெர்மாமீட்டரை மாதிரிக்குள்ளேயே விட்டால் அதுவே உறைய வைத்துவிடும். பக்கத்தில் இன்னொரு குழாயில் விடுங்கள்.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தாலே, 4 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு பிழை வரும். ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அதிலும் தாது உண்டு. காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான்.

நிறைத்து மூடிய கண்ணாடி எதையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். மைனஸ் 10இல் இருக்கும் நீரைத் தட்டினால் எட்டில் ஒரு பங்குதான் உடனே உறையும். பாட்டில் உடைய அதுவே போதும். மாதிரியைக் குளிர வைக்க ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஊற்றிய கிண்ணத்தையும் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைக்கக் கூடாது. ஆவி தேங்கி, உள்ளே ஒரு சின்னப் பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். குளிர வைக்க ஐஸும் கல்லுப்பும் கலந்தால் மைனஸ் 20 வரை போகும், அதை வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும்.

பெற்றோர்களே, மீக்குளிர் நீர் சட்டென்று உறைவதைப் பார்க்கத்தான் பிள்ளைக்கு ஆசை என்றால், பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி வைத்துக் காட்டுங்கள். அடர்த்தியை அளக்க வேண்டுமென்றால் தயவுசெய்து பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எங்களிடம் நுண்குழாயும் குளிர்தொட்டியும் இருக்கின்றன. முன்கூட்டிச் சொன்னால் மதியம் கூடவே இருந்து செய்து காட்டுவோம்.