தொடர் பிழையா, பிசகா?

அமெரிக்க விண்வெளி டிவி சீரியலான பழைய ஸ்டார் டிரெக் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள், ஒரு காட்சி இன்னொன்றோடு ஒட்டாமல் போகும் ‘கன்டினியூட்டி எரர்’ என்பதைத் ‘தொடர் பிழை’ என்றே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

கன்டினியூட்டி லத்தீன் வழி வந்தது. சேர்ந்து பிடித்து நிற்பது என்பது வேர்ப்பொருள். சரி, அதில் சிக்கல் இல்லை.

1966-இல் வந்த ‘சார்லி எக்ஸ்’ பகுதியில் விண்கலத்தின் தலைவரான கேப்டன் கிர்க் மஞ்சள் சட்டையோடு லிஃப்டில் ஏறுவார். கதவு திறந்ததும் பச்சைச் சட்டையோடு வெளியே வருவார். காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. வெவ்வேறு வேளையில் எடுத்து ஒட்டும்போது இப்படி ஆகிவிடும். இதற்கா தொடர் பிழை? தொடர் மழை என்றால் விடாமல் பெய்யும் மழை. தொடர் திருட்டு என்றால் அடுத்தடுத்து நடக்கும் திருட்டு. அப்படியானால் தொடர் பிழை, திரும்பத் திரும்பச் செய்யும் பிழைதானே? கிர்க்கின் சட்டை மாறியது ஒரே ஒரு இடத்தில். போதாததற்கு, டிவி சீரியலும் தொடர்தான், இலக்கணத்தில் வாக்கியமும் தொடர்தான். ‘இந்தத் தொடரின் தொடர் பிழைகள்’ என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

‘தொடர்ச்சிப் பிழை’ பரவாயில்லை. ஆனால் பிழை என்றால் எல்லாமே அதற்குள் வந்துவிடும். ‘கோர்ட் மார்ஷியல்’ பகுதியில் கணினியின் ஒலி கேட்கும் திறனை ‘ஒன்றின் நான்காம் அடுக்கு’ அளவுக்குக் கூட்டலாம் என்று கிர்க் சொல்வார். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான்; திறன் துளிகூட அதிகமாகாது. இது கணக்குப் பிழை. இங்கே எந்தக் காட்சியும் எதனோடும் ஒட்டாமல் போகவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

நான் சொல்வது ‘தொடர்ச்சிப் பிசகு’. கால் பிசகிவிட்டது என்கிறோமே, எலும்பு உடையவில்லை, மூட்டு இடம் மாறியிருக்கிறது. இரண்டு ஷாட் சேரும் மூட்டில் நடப்பதும் அதேதான். பேச்சில் வெறும் ‘பிசகு’ போதும். வீட்டில் புழங்கும் சொல் கையில் இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பல பகுதிகள் தாண்டி நடப்பதற்கும் இது பொருந்தும். சீரியல் தொடங்குமுன் சோதனையாக எடுத்த இரண்டாம் ‘பைலட்’ பகுதியில் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்றிருக்கும். பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க். பெயர் பிசகிவிட்டது.