எம்.பி.யிடம் மனு கொடுக்கும்போது ஒரு கேள்வியும் எழுதிக் கொடுங்கள்

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி வரைந்து கொடுப்பது என் வேலை. டி.வி.யில் கேள்வி நேரம் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் எழுந்து கேட்பார், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், நடுவில் அமளி வரும். அது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கான நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் இருக்கும்; அதில் ஐந்தாறு வாய்மொழியாக எடுக்கப்பட்டாலே பெரிது. என் வேலையின் பெரும்பகுதி டி.வி.யில் வராத பகுதியில்தான். நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 230, மாநிலங்களவையில் 160 வரை வரும். இவற்றுக்கு அமைச்சர் எழுத்தில் விடை தருவார். விடை அவையில் வைக்கப்பட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் சன்சாத் டாட் இன் (sansad.in) இணையதளத்தில் ஏறிவிடும். யாரும் கை தட்டுவதில்லை, யாரும் வெளிநடப்பும் செய்வதில்லை. ஆனால் ஒரு சாதாரணக் குடிமகனின் பிரச்சினைக்கு மத்திய அரசிடமிருந்து பொறுப்போடு, தேதியோடு எழுத்தில் பதில் வாங்க இதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை.

சென்னையில் எந்த எம்.பி. அலுவலகத்துக்குப் போனாலும் மக்கள் மனுவோடுதான் வருகிறார்கள். மனு கொடுப்பதில் தவறில்லை. எம்.பி. அதற்கு ஒரு கடிதம் வைத்து அமைச்சருக்கு அனுப்புவார். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வரும், சில சமயம் அதுவும் வராது. கேள்வியின் கதை வேறு. அனுமதிக்கப்பட்டுவிட்டால் அந்தத் தேதியில் விடை வைத்தாக வேண்டும். பிரிவு அலுவலர் கோப்பைத் திறக்க வேண்டும், இணைச் செயலர் பார்க்க வேண்டும், அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். மாதக்கணக்கில் தூங்கிய கோப்பு ஒரு கேள்வி வந்ததும் எழுந்து நடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் ஒருமுறை வந்தார்கள். எல்லாரும் இ.பி.எஸ். 95 எனப்படும், பி.எஃப். அமைப்பு நடத்தும் 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் ஓய்வூதியக்காரர்கள். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து அதே தொகைதான். பி.எஃப். பாஸ்புக், வங்கிப் புத்தகம், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார் அவர்களில் மூத்தவர். "பென்ஷனை ஏத்துவாங்களான்னு கேளும்மா, அது போதும்" என்றார்.

அப்படியே கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று வரலாம், 'தற்போது அப்படி ஒரு முன்மொழிவு இல்லை' என்று வரலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் உடனே எதுவும் செய்ய முடியாது. அதனால் கேள்வியை இப்படிப் பிரித்து எழுதினேன்:

(அ) இ.பி.எஸ். 95 திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் பெறுவோர் எத்தனை பேர், 1,000 முதல் 2,000 வரை பெறுவோர் எத்தனை பேர், மாநில வாரியாக; (ஆ) குறைந்தபட்சத் தொகையை உயர்த்தும்படி தொழிலாளர் அமைச்சகம் நிதியமைச்சகத்துக்கு முன்மொழிவு அனுப்பியதா, ஆம் எனில் எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு; (இ) நிதியமைச்சகம் அதற்கு எந்தத் தேதியில் என்ன பதில் தந்தது; (ஈ) ஏற்கவில்லை எனில் அதற்கான காரணங்கள் என்ன.

படித்துக் காட்டினேன். "இதுல ஏத்தச் சொல்லவே இல்லையேம்மா?" என்றார் பெரியவர். "ஐயா, ஏத்தச் சொன்னா 'பார்க்கலாம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. கோப்பு யார் மேசையில நிக்குதுன்னு கேட்டா, பெயர் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். தொகையை 2,000 ஆக்கலாம் என்று தொழிலாளர் அமைச்சகம் அனுப்பிய முன்மொழிவை நிதியமைச்சகம் ஏற்கவில்லை என்ற செய்தியே நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சங்கங்களுக்குத் தெரிவதற்கு இப்படிப்பட்ட தகவல்தான் உதவும்.

கேள்வி எழுதுவதற்கு விதிகள் உண்டு. மக்களவை நடைமுறை விதி 41 படி ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், ஊகம், ஏளனம், பழிச்சொல் இருக்கக்கூடாது. 'அமைச்சர் என்ன நினைக்கிறார்' என்று கருத்துக் கேட்கக்கூடாது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று கற்பனையாகவும் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குக்குள் போகக்கூடாது. ஏற்கெனவே விடை சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்டாலும் தள்ளிவிடுவார்கள். மனுவில் மக்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கோபமும் வேதனையும்தான்; அது நியாயமான கோபம். ஆனாலும் அது கேள்விக்குள் வந்தால் மக்களவைச் செயலகத்தின் முதல் மேசையிலேயே கேள்வி செத்துவிடும். கோபத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றித் தருவதுதான் எங்கள் வேலை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது கழிவுநீர்த் தொட்டி மரணங்கள். 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் இறந்தவர்கள் பற்றிக் கேட்கப்பட்டது. அப்படி எந்த மரணமும் பதிவாகவில்லை என்று சமூகநீதி அமைச்சகம் விடை தந்தது. நாடே கொதித்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தைப் பிரித்துப் படித்தால் அந்த விடை எப்படி வந்தது என்று புரியும். சுகாதாரமற்ற கழிப்பிடத்திலிருந்தும் திறந்த வடிகாலிலிருந்தும் மலத்தைக் கையால் அகற்றுவது அந்தச் சட்டத்தில் ஒரு வரையறை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்கிவிடுவது 'அபாயகரமான துப்புரவு' என்ற இன்னொரு வரையறை. ஆட்கள் செத்துக்கொண்டிருப்பது இரண்டாவதில். கேள்வி முதலாவதைக் கேட்டால் விடையில் பூஜ்யம் இருக்கும். 'சாக்கடை, செப்டிக் டேங்க் துப்புரவின்போது 1993 முதல் இறந்தவர்கள், மாநில வாரியாக' என்று கேட்டால் அதே அமைச்சகம் பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 200க்கும் மேல். நாட்டிலேயே முதல் வரிசையில் நிற்கிறோம். அப்படிப் பார்த்தால் பூஜ்யம் என்ற விடை தொழில்நுட்ப ரீதியில் பொய் ஆகாது. ஒரு மனிதன் விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்த பிறகு அவன் எந்த உட்பிரிவில் செத்தான் என்று பார்த்துப் பூஜ்யம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு இடம் கொடுத்தது கேள்வியின் வாசகம். இப்போது அந்தப் பொருளில் யார் வந்தாலும் இழப்பீட்டையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். இறந்தவரின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. எத்தனை குடும்பத்துக்கு முழுத்தொகை போய்ச் சேர்ந்தது, எத்தனை பேருக்கு இன்னும் பாக்கி என்று கேளுங்கள்.

'தகவல் இல்லை' என்பதும் விடைதான். 2020 செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் சொன்னது. ஒரு கோடிப் பேருக்கு மேல் ஊர் திரும்பிய காலம் அது. செத்தவர்களை அரசு எண்ணவில்லை என்பதே அரசின் வாக்குமூலமாக ஏட்டில் நிற்கிறது. இனி யாரும் அதை மாற்றிச் சொல்ல முடியாது.

ஒரே விஷயத்தைக் கூட்டத்தொடர் தோறும் வேறு வேறு கோணத்தில் கேட்பதற்கும் பலன் உண்டு. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 1,264 கோடி ரூபாயிலிருந்து 1,977.8 கோடியானது, ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா தரும் கடனுக்கான ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. இதையெல்லாம் அடுத்தடுத்த விடைகளை வரிசையாக வைத்துப் படித்தாலே பார்க்கலாம். எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு துல்லியமாக இதைச் சொல்லவில்லை.

சென்னை மக்கள் கொண்டுவரும் மனுக்களில் பாதி, மத்திய அரசின் கைக்குள் வராதவை. தெருவில் மழைநீர் நிற்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை. இவற்றை நாடாளுமன்றத்தில் கேட்டால் 'மாநிலப் பொருள்' என்று திரும்பி வரும். ஆனாலும் மத்திய அரசின் பணம் எங்கே வந்திருக்கிறதோ அங்கே ஒரு வாசல் இருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, 2023 டிசம்பரில், சென்னைப் படுகைக்கான வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு 561.29 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் மத்திய உதவி 500 கோடி. வேளச்சேரிக்காரர் 'எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது' என்று கேட்க முடியாது. 'அந்த 500 கோடியில் இதுவரை எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எந்தெந்தப் பணிகளுக்கு, பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழை மாநில அரசு தந்துவிட்டதா' என்று கேட்கலாம்.

மாநிலப் பொருள் என்றால் ஜார்ஜ் கோட்டை இருக்கிறதே. சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும் இதே உரிமை உண்டு. அங்கே கேள்விகள் பெரும்பாலும் 'பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?' என்ற அச்சில்தான் வருகின்றன. 'கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை' என்றோ, 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றோ பதில் வரும், தொகுதிக்காரர்களிடம் காட்ட ஒரு வீடியோ துண்டு மிஞ்சும். ஆவன செய்யுமா என்று கேட்பதை நம் உறுப்பினர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது. மதிப்பீடு தயாரா, நிர்வாக ஒப்புதல் எந்தத் தேதியில், ஒப்பந்தப்புள்ளி எப்போது என்று கேட்டால் அமைச்சரும் அதிகாரியும் எண்ணோடு வந்து நிற்க வேண்டிவரும்.

வந்த விடையை எப்படிப் படிப்பது? 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற வரிகளைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிடாதீர்கள். இவை அரசின் உறுதிமொழிகளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுபவை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. அதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒரு குழுவே இருக்கிறது. கெடுவை நீட்டிக் கேட்பார்கள், ஆண்டுக்கணக்கில் இழுத்தவையும் உண்டு. அதனால் விடை எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து எம்.பி.க்கு நினைவூட்டுங்கள். விடையில் தவறான தகவல் இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டு நெறி 115இன்படி உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். விடை போதவில்லை என்றால் அதைப் பற்றி அவையில் அரைமணி நேர விவாதமும் கேட்கலாம். விடையில் குறிப்பிடப்பட்ட கடிதமோ அறிக்கையோ வேண்டுமானால், நீங்களே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கடிதத்தின் தேதி விடையிலேயே இருப்பதால் 'எந்தக் கடிதம்' என்று தட்டிக்கழிக்க முடியாது.

வெறும் எழுத்துக் கேள்வியால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1957இல் எல்.ஐ.சி. பணத்தை தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் முதலீடு செய்தது பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகளில் தொடங்கிய விவகாரம், நீதிபதி சாக்ளா ஆணைய விசாரணைக்குப் போய், 1958 பிப்ரவரியில் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை நிதியமைச்சர் பதவியிலிருந்து இறக்கியது. தொடக்கம் கேள்விதான்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள்: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். விடை வேண்டிய நாளுக்கு 15 முழு நாட்கள் முன்பே எம்.பி.யின் கேள்வி அறிவிப்பு செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் உண்டு. எது பட்டியலில் ஏறும் என்பதற்கு அறிவிப்புகள் குலுக்கலில் வேறு போகும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் பொருளை எம்.பி. அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். குலுக்கல் என்பதால் ஒரே எம்.பி.யை நம்பி இருக்க வேண்டாம். வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை உறுப்பினர்கள் மூவருக்கும், தமிழகத்தின் மாநிலங்களவை உறுப்பினர்கள் 18 பேரில் அந்தத் துறையில் ஆர்வமுள்ளவர்களுக்கும் அனுப்புங்கள். ஒரே பொருளில் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே விடையாகத் தருவார்கள். அதில் நட்டம் ஒன்றும் இல்லை. உங்கள் எம்.பி. மத்திய அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார், வேறொருவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்க வைப்பதற்கு என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

கொடுக்க வேண்டியது ஒரே ஒரு தாள் போதும். மேலே எந்த அமைச்சகம் என்பது. அடுத்து இதே பொருளில் முன்பு வந்த விடை இருந்தால் அதன் எண்ணும் தேதியும். இணையதளத்தில் தேடினால் கிடைக்கும், ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உட்கார வையுங்கள். பிறகு நான்கே உட்கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணோ, தேதியோ, ஆவணமோ கேட்டிருக்க வேண்டும். தாளின் அடியில் உங்கள் தொலைபேசி எண்ணை மறக்காமல் எழுதுங்கள். வரைபவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும், மறுநாள் வரை காத்திருக்க நேரம் இருக்காது.