உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு: 'இ.பி.ஆர்.' என்றால் என்ன?

டி.வி.யை விற்றுக் காசு வாங்கியதோடு கம்பெனியின் கடமை முடிந்துவிடுவதில்லை. பல வருடம் கழித்து அந்த டி.வி. குப்பையாகும்போது, அதைத் திரும்பச் சேகரிக்கவும் பிரித்து மறுசுழற்சி செய்யவும் ஆகும் செலவையும் அதே கம்பெனிதான் ஏற்க வேண்டும். இந்தக் கடமைக்குப் பெயர்தான் இ.பி.ஆர். 'எக்ஸ்டெண்டட் புரொட்யூசர் ரெஸ்பான்சிபிலிட்டி' என்பது அதன் விரிவு. மின்னணுக் கழிவு விதிகளிலும் மறுசுழற்சித் தொழிலிலும் தினமும் புழங்கும் சொல் இது.

சொல் பிறந்த இடம் சுவீடன். லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட், 1990-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இதை முன்வைத்தார். அதுவரை குப்பைச் செலவு முழுக்க நகராட்சியின் தலையில், அதாவது வரி கட்டுபவர் தலையில்தான் விழுந்தது. செலவு தயாரிப்பவர் பக்கம் போனால், எளிதில் கழற்றக்கூடிய, நச்சு குறைந்த பொருளாக அவர் முதலிலேயே வடிவமைப்பார் என்பது லிண்ட்க்விஸ்டின் கணக்கு. இந்தப் பொறுப்பை அவர் வகை பிரித்தும் காட்டினார்: சேதத்துக்கு ஈடு தரும் பொறுப்பு, செலவை ஏற்கும் பொறுப்பு, பொருளை நேரில் கையாளும் பொறுப்பு, பொருளில் என்ன இருக்கிறது என்று தெரிவிக்கும் பொறுப்பு. மின்னணுக் கழிவைப் பொறுத்தவரை இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி என்பேன்.

ஏன் என்பதற்கு ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும். ஒரு டன் பழைய கைபேசிகளில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. இதனால்தான் டெல்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேச மொராதாபாத்திலும் போர்டுகளைச் சூடுகாட்டி, பாகங்களைப் பிடுங்கி, அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். செம்பும் கொஞ்சம் தங்கமும் கைக்கு வரும். பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த மற்ற உலோகங்கள் பெரும்பாலும் வீணாகும். ஈயப் புகை அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கும், அமிலம் சாக்கடைக்கும் போகும். இதையே முறையாகச் செய்ய வேண்டுமென்றால் அரவை இயந்திரம், உலோகங்களைப் பிரிக்கும் கருவிகள், உயர் வெப்ப உலை, புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு எல்லாம் வேண்டும். கோடிக்கணக்கில் முதலீடு இல்லாமல் ஆகாது. அப்புறம், தங்கமே இல்லாத கழிவும் இருக்கிறது. பழைய டி.வி.யின் ஈயக் கண்ணாடி, குழல்விளக்கின் பாதரசம், ஃப்ரிட்ஜின் வாயு இவற்றில் லாபம் கிடையாது. யாராவது பணம் கொடுத்தால்தான் யாராவது தொடுவார்கள். அந்தப் பணத்துக்கு வழி சொல்லும் சொல்தான் இது.

சுவிட்சர்லாந்து இதை நேராகவே செய்தது. 1990-களிலிருந்து அங்கே கம்ப்யூட்டர் வாங்கும்போதே விலையோடு ஒரு மறுசுழற்சிக் கட்டணமும் சேர்ந்துவிடும். பழைய பொருளை, அந்த வகைப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் இலவசமாகக் கொடுக்கலாம். நம்மூரில் நிலைமை தலைகீழ். பழைய மிக்சிக்கும் காயலான் கடையில் காசு வாங்கியே பழகியவர்கள் நாம். முறையான ஆலை அந்தக் கடைக்காரரைவிடக் கூடுதல் விலை கொடுக்காவிட்டால், பொருள் அதன் வாசலுக்கே போகாது.

இந்தியாவில் இ.பி.ஆர். 2011 மின்னணுக் கழிவு விதிகள் மூலம் நுழைந்தது. அந்த விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 2022 விதிகள் அதைச் சான்றிதழ் வணிகமாக மாற்றின. மறுசுழற்சி ஆலை எவ்வளவு உலோகத்தை மீட்டதோ அதற்கேற்ப மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும். ஆண்டுக்கு இவ்வளவு கழிவு மறுசுழற்சியாக வேண்டும் என்று விதி வைத்த இலக்கை முடிக்க வேண்டிய நிறுவனம் அதை விலை கொடுத்து வாங்கும். அந்த விலைதான் ஆலைக்கான முதலீட்டைத் தீர்மானிக்கிறது. சான்றிதழ் சல்லிசாகக் கிடைத்தால் உலை வாங்க எந்த வங்கியும் கடன் தராது. 2024-ல் நுகர்வோர் மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என அரசு குறைந்தபட்ச விலை வைத்தபோது, சில பெரிய நிறுவனங்கள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அரசு செய்தது சரி என்பதே என் கருத்து. அந்தத் தரைவிலை இல்லாவிட்டால் பணம் அமிலத் தொட்டிக்காரரிடம்தான் திரும்பப் போகும்.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. மின்னணுக் கழிவு, லித்தியம் பேட்டரி போன்றவற்றிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்கும் ஆலைகளுக்கு இயந்திரச் செலவில் ஒரு பங்கை அரசே தரும். இது பொதுப் பணம் என்பதால் இதை இ.பி.ஆர். கணக்கில் சேர்த்துக் குழப்பக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு', 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் அடைமொழி போய் உற்பத்தியாளர் மேல் ஒட்டிக்கொள்கிறது. நீள்வது உற்பத்தியாளர் அல்லவே. 'உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு' என்று வரிசையை மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. விற்பனைக்கு அப்பாலும் காலத்தில் தொடரும் கடமை என்பதால் 'விரிவாக்கம்' வேண்டாம். பதவி நீட்டிப்பு, கால நீட்டிப்பு என்று நமக்குப் பழகிய 'நீட்டிப்பு' பொருந்தும். 'பொறுப்பு' என்ற சொல்லுக்குத் தாங்குதல் என்னும் பொருள் கொண்ட 'பொறு' என்பதே வேர். சுமையை யார் தாங்குவது என்ற இந்தக் கேள்விக்கு அது இயல்பாகவே அமைகிறது.

'உற்பத்தியாளர்' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. விதிகளில் 'புரொட்யூசர்' வேறு, 'மேனுஃபாக்சரர்' வேறு. முதலாவது தன் பிராண்டில் விற்பவரையும் இறக்குமதி செய்பவரையும் சேர்த்துக் குறிக்கும். இரண்டாவது ஆலை வைத்துச் செய்பவர். வெளிநாட்டில் செய்த கைபேசியைத் தன் பெயரில் இங்கே விற்கும் நிறுவனமும் முதல் வகைக்குள் வரும். எனவே முன்னவருக்கு 'உற்பத்தியாளர்', பின்னவருக்கு 'தயாரிப்பாளர்' என்று ஒரே கட்டுரைக்குள் மாறாமல் எழுதினால் போதும். முதல்முறை முழுச் சொல்லையும் எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் 'நீட்டித்த பொறுப்பு' என்று சுருக்கலாம். சான்றிதழைக் குறிக்க 'பொறுப்புச் சான்றிதழ்' என்பது தெளிவாக இருக்கும்.