கோப்பையில் இல்லாத இனிப்பு

கேரமல், வெனிலா கஸ்டர்டு, சாக்லேட் கேக், ஆப்பிள் பை, மேப்பிள் பாகு என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்ட தேயிலைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக விற்பனையாகின்றன. இணையக் கடைகள் வழியே அவை இப்போது நம் ஊர்களுக்கும் வந்து சேர்கின்றன. பொட்டலத்தைப் பிரித்தவுடன் பேக்கரி வாசலில் நிற்பது போன்ற மணம் எழுகிறது. வெந்நீர் ஊற்றியதும் அது அறை முழுக்கப் பரவுகிறது. ஆனால் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் நாக்கில் படுவது பெரும்பாலும் துவர்ப்பும் இலேசான கசப்பும்தான். முதன்முறை குடிப்பவர்களில் பலர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பழகியவர்களோ சர்க்கரை போடாமலேயே இனிக்கிறது என்று சாதிக்கிறார்கள். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. தேநீர் ஒன்றுதான் என்றாலும், அதில் இனிப்பைச் சேர்ப்பது அவரவர் மூளை.

இனிப்பை உணர்வதற்கு நாக்கில் டி1ஆர்2, டி1ஆர்3 என்னும் இரண்டு புரதங்கள் இணைந்த ஏற்பி இருக்கிறது. சர்க்கரையோ அதன் வேலையைச் செய்யக்கூடிய வேறொரு பொருளோ வந்து ஒட்டினால்தான் அது விழித்துக்கொள்ளும். மணமூட்டிய தேயிலையிலிருந்து நீரில் இறங்கும் சர்க்கரை அதற்குப் போதாது. உலர்ந்த ஆப்பிள் துண்டுகள் போன்றவை கலந்திருந்தால் மட்டும் கொஞ்சம் இறங்கும். அப்படியானால் கேரமல் எங்கிருந்து வருகிறது? மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தால் விடை கிடைத்துவிடும். வாயில் இருப்பது சூடான, துவர்ப்பான நீர் மட்டுமே. விழுங்கியபின் பிடியை விட்டு மூச்சை வெளியே விடும் கணத்தில், எங்கோ மறைந்திருந்தது போலக் கேரமல் சட்டென்று வந்து நிற்கும். வாயிலிருக்கும் ஆவி தொண்டையின் மேற்புறமாக ஏறி, மூக்கின் பின்வாசல் வழியே மணம் அறியும் செல்களைச் சென்றடைகிறது. முன்வாசல் வழியே வரும் மணத்தை வெளியிலிருக்கும் ஒரு பொருளின் மணமாகவே மூளை கொள்கிறது. பின்வாசல் வழியே வருவதையோ வாயில் இருப்பதன் சுவை என்று கணக்கு எழுதிவிடுகிறது. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படி மூக்கு சம்பாதித்து நாக்கின் பெயரில் வரவு வைக்கப்பட்டதுதான்.

மணம் இனிப்பாகத் தோன்றுவது பிறவியிலேயே வருவதன்று, பழக்கத்தால் வருவது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், இனிப்பூட்டி அடித்த கிரீமில் ஸ்ட்ராபெர்ரி மணம் சேர்த்தபோது இனிப்புக் கூடியதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். அதே கிரீமில் வேர்க்கடலை வெண்ணெய் மணத்தைச் சேர்த்தபோது இனிப்புக் கூடவில்லை. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஸ்டீவன்சனும் அவருடைய சகாக்களும் 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பங்கேற்றவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத லிச்சி போன்ற மணங்களைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துப் பல முறை குடிக்கக் கொடுத்தபின், அந்த மணத்தைத் தனியே முகர்ந்தாலே முன்னைவிட இனிப்பாக இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். சிட்ரிக் அமிலத்தோடு சேர்த்துக் கொடுத்த மணமோ புளிப்பாகத் தோன்றியது. வெனிலா இனிக்கிறது என்று நாம் நினைப்பதற்குக் காரணம், வெனிலாவை நாம் எப்போதும் ஐஸ்கிரீமிலும் கேக்கிலும், அதாவது சர்க்கரையோடு சேர்த்தே சந்தித்திருக்கிறோம் என்பதுதான்.

இதனால் இவ்வகைத் தேநீரைப் பற்றி மேல்நாட்டார் எழுதும் மதிப்புரைகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அவர்களுக்குப் பட்டை என்றால் சர்க்கரை தூவிய ரொட்டிச் சுருளும் ஆப்பிள் பையும். நம் வீடுகளில் அது பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் தாளிப்பது. 'சினமன் பன்' என்று பெயரிட்ட தேநீரைக் குடித்துவிட்டு மசாலா மணம்தான் வருகிறது, இனிக்கவில்லையே என்று ஒருவர் சொன்னால் அவருடைய நாக்கில் குறையில்லை. ஏலக்காய் மணத்தில் பாயசத்தின் இனிப்பை நாம் உணர்வதும் இதே கணக்கில்தான் வருகிறது. மேப்பிள் தேநீரின் கதை இதைவிடச் சுவையானது. மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகின் மணத்தை நினைவூட்டும் சோட்டோலான் என்னும் சேர்மமே வெந்தயத்தின் மணத்துக்கும் முக்கியக் காரணம். செயற்கை மேப்பிள் எசன்ஸில் வெந்தயச் சாறு சேர்ப்பதும் வழக்கம். 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது மேப்பிள் பாகு மணம் வீசி, மக்கள் அவசர எண்ணுக்கு அழைக்கும் அளவுக்குப் போனது. அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் மணச்சாறு தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெந்தயத்தைப் பதப்படுத்தும்போது வெளிப்பட்ட மணமே அது என்று 2009இல் நகர நிர்வாகம் அறிவித்தது. நியூயார்க்வாசிகளுக்கு அந்தப் பாகு ஊற்றிய காலைப் பலகாரத்தை நினைவூட்டிய அதே காற்று நம்மவர் ஒருவருக்கு வெந்தயக் குழம்பை நினைவூட்டியிருக்கும்.

இனிப்பும் மணமும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்பதை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட சூயிங்கம் சோதனை நன்றாகக் காட்டுகிறது. புதினா மணமுள்ள சூயிங்கத்தை மெல்பவர்களின் மூச்சுக்காற்றில் எவ்வளவு மணப்பொருள் இருக்கிறது என்று கருவியால் அளந்துகொண்டே, புதினாச் சுவை எவ்வளவு தெரிகிறது என்று அவர்களிடம் கேட்டார்கள். சில நிமிடங்களில் புதினாச் சுவை போய்விட்டது என்றார்கள். ஆனால் மூக்கை எட்டிய மணப்பொருளின் அளவு பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது வாயிலிருந்த சர்க்கரை. தேநீருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். கேரமல் தேநீர் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்குவதற்குமுன் கால் தேக்கரண்டி சர்க்கரையைப் போட்டுப் பார்க்கலாம். இனிப்பு மட்டுமல்லாமல் கேரமலும் பெருகும். சர்க்கரையே கூடாது என்று வாங்கியவர்களுக்கு இந்த யோசனை உதவாதுதான்.

இந்த மணங்களைத் தேயிலையில் ஏற்றும் முறை எளிமையானது. சாராயத்திலோ புரொப்பிலீன் கிளைக்காலிலோ கரைத்த மணச்சாற்றைச் சுழலும் உருளைக்குள் இலையின்மீது தெளிக்கிறார்கள். உலர்ந்த தேயிலை ஈரத்தையும் மணத்தையும் விரைந்து உறிஞ்சும் குணமுடையது என்பதால் சாறு இலைக்குள் இறங்கிவிடுகிறது. வீட்டில் தேயிலை டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை. சாற்றில் பெரும்பாலும் முதலிடம் பெறும், வெனிலா மணம் தரும் வெனிலின், 1874இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் ஆகியோரால் ஊசியிலை மரச்சாற்றிலுள்ள ஒரு பொருளிலிருந்து செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. மாவை வாட்டும்போது பிறக்கும் மணத்தைப் பைரசின்களும், வெண்ணெய் மணத்தை டைஅசிட்டைலும், தேங்காய், பாலேடு மணங்களை லாக்டோன்களும், பாதாம் மணத்தைப் பென்சால்டிஹைடும் தருகின்றன. இவை ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. டைஅசிட்டைலின் கொதிநிலை 88 டிகிரி செல்சியஸ், வெனிலினுக்கோ 285. ஆகவே வெந்நீர் ஊற்றியவுடன் வெண்ணெய் போன்ற இலேசான மணங்கள் முந்திக்கொண்டு எழுகின்றன. கோப்பை ஆறும்வரை தங்கியிருப்பது வெனிலா. கலவையில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் சாக்லேட் துணுக்குகளும் வண்ணச் சர்க்கரை மணிகளும் மணத்துக்குத் தரும் பங்கு அற்பம். சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் உருகி மேலே மினுமினுப்பான எண்ணெய்ப் படலமாக மிதப்பதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

ஒரு நல்ல இனிப்புமணத் தேநீரைத் தீர்மானிப்பது எசன்ஸைவிட அடியிலிருக்கும் இலை என்பது என் கருத்து. கறுப்புத் தேயிலையின் பாலிபீனால்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றன. வாயின் வழவழப்புக் குறைந்து, கன்னத்தின் உட்புறம் உலர்ந்து சுருங்குவது போன்ற உணர்வு தோன்றுகிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும், உடலியலாளர்கள் பலர் அதைத் தொடுவுணர்வாகவே கருதுவது இதனால்தான். கேக்கும் கஸ்டர்டும் வாயில் தரும் கொழுப்பின் வழவழப்புக்கு இது நேர் எதிரானது. மூக்கு பாலேடு என்று சொல்லும்போது வாய் அதை மறுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ராய்போஸ் என்னும் செடியின் இலை கேரமல், வெனிலாக் கலவைகளில் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் அதன் துவர்ப்புக் குறைவு. கேஃபீனும் அதில் இல்லை என்பதால் கசப்பும் மட்டுப்படுகிறது. சில கலவைகளில் அதிமதுரமோ ஸ்டீவியா இலையோ சேர்ந்திருக்கும். இவை நாக்கின் ஏற்பியை உண்மையிலேயே தூண்டுபவை. விழுங்கி வெகுநேரமாகியும் தொண்டையில் இனிப்பு விடாமல் நின்றால், பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்ட பட்டியலில் அதிமதுரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கலந்த ஒன்றையும் கலக்காத ஒன்றையும் பக்கத்தில் வைத்து இனிப்பை ஒப்பிடுவது நியாயமன்று. பால் சேர்த்தால் அதிலுள்ள கேசீன் என்னும் புரதம் பாலிபீனால்களைப் பிடித்து வைத்துத் துவர்ப்பைத் தணிக்கும், கொழுப்பு வழவழப்பைத் தரும். ஆனால் எண்ணெயில் கரையும் மணப்பொருள்களையும் அதே கொழுப்புப் பிடித்துக்கொள்வதால் மணம் சற்று மங்கும்.

ஒப்பிடுவதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் அந்த விதி, வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம் என்கிறது. (இதன் மூல வடிவமான பிரிட்டிஷ் தரநிலைக்காக 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு கிடைத்தது.) ஆனால் இனிப்புமணக் கலவைகளுக்கு இவ்விதியை அப்படியே பயன்படுத்தினால் பிழைபடும். ஆப்பிள் துண்டும் பாதாம் சீவலும் கனமானவை. 2 கிராம் நிறுத்தால் ஒரு கலவையில் இலை பாதிகூட இருக்காது, மற்றொன்றில் முழுக்க இலையாகவே இருக்கும். இரண்டிலும் இலையின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி எடையைக் கூட்டிக் குறைப்பதே மேல்.

பெயரையும் நிறத்தையும் மறைப்பது அதைவிட முக்கியம். 2001இல் பிரான்சின் போர்தோ நகரத்து ஆய்வாளர்கள், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயினியல் பயிலும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதன் மணத்தை வருணித்தார்கள். பீட்ரூட் துண்டுகளால் இளஞ்சிவப்பாகும் தேநீர் நம்மையும் இப்படி ஏய்க்கும் என்பதால், மூடியிட்ட ஒரே மாதிரி டம்ளர்களில் குறியீட்டு எண் மட்டும் இட்டு, ஊற்றுபவர் ஒருவரும் குடிப்பவர் வேறொருவருமாக இருப்பது நல்லது. இரண்டு நிறுவனங்களின் கேரமல் தேநீர்களுக்கிடையே வேறுபாடு உண்மையில் தெரிகிறதா என்று அறிய முக்கோணச் சோதனை இருக்கிறது: மூன்று டம்ளர்களில் இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றொன்று, தனித்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், 6 சுற்றுகளில் 5 முறையாவது சரியாகச் சொன்னால்தான் புள்ளியியல் ஒப்புக்கொள்ளும். 12 சுற்றுகள் என்றால் 8. சுற்றுகளுக்கிடையே வெறும் நீரும் சிறிது ஓய்வும் தேவை. ஒரே மணத்தை விடாமல் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய், கடைசியில் வரும் தேநீருக்கு அநியாயமாக மதிப்பெண் குறையும்.

குன்னூர் ஏலத்துக்கான தேயிலையைச் சுவைப்பவர்கள் செய்வது போலக் கரண்டியிலிருந்து சத்தம் வர உறிஞ்சினால், நீர் சிதறி ஆவி பெருகிப் பின்வாசல் மணம் கூர்மையாகும். மிகச் சூடாக இருக்கும்போது மணம் அதிகம், சுவை குறைவு. நாக்கில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் டி.ஆர்.பி.எம்.5 என்னும் புரதம் 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகிறது என்று 2005இல் கண்டறியப்பட்டது. ஆகையால் அதிமதுரமோ சர்க்கரையோ கலந்த தேநீரைக் குளிரவைத்துக் குடித்தால் இனிப்புக் குறைந்தே தெரியும்.

ஒப்பிடுவோரை அதிகம் குழப்புவது 'பால் ஊலாங்'. (ஊலாங் என்பது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை.) தைவானின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஜின் சுவான் என்னும் ரகத்தின் இலைக்கு, எதையும் சேர்க்காமலேயே மெல்லிய பாலேடு மணம் உண்டு. இலையைப் பாலின் ஆவியில் வேகவைத்தது, செடிக்குப் பால் வார்த்து வளர்த்தது என்பனவெல்லாம் விற்பனைக் கதைகள். அதே பெயரில் பால் எசன்ஸ் தெளித்த மலிவான ஊலாங்கும் சந்தையில் ஏராளம். ஒரே இலையில் நான்கைந்து முறை வெந்நீர் ஊற்றிக் குடிப்பது ஊலாங்கின் வழக்கம் என்பதால் சோதனை எளிது. தெளித்த மணம் முதல் ஊற்றில் பால்கோவாபோல அடித்து, மூன்றாவது ஊற்றுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். பிறகு மிஞ்சுவது சாதாரண இலை. ஜின் சுவானின் சொந்த மணம் முதல் ஊற்றிலேயே அடக்கமாக, பூவின் மணத்தோடு கலந்துதான் இருக்கும். ஊற்றுக்கு ஊற்றுச் சிறிது சிறிதாகவே தேயும். எசன்ஸ் சேர்ந்ததைக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஜின் சுவானின் விலையை அதற்குக் கொடுப்பதில்தான் ஆட்சேபம்.