கிலோமீட்டர் காட்டாத தேய்மானம்

பழைய கார் வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். சாதாரணக் காருக்கு அந்தக் கேள்வி ஓரளவு உதவும். ஆனால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ கொண்ட எஞ்சினும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் கொண்ட, விறுவிறுப்பான ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு ஹேட்ச்பேக்கைத் தினமும் அலுவலகம் போய்வர வாங்க நினைப்பவர் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். நெடுஞ்சாலையில் 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, நகர நெரிசலில் 35,000 கிலோமீட்டர் ஊர்ந்த வண்டி உள்ளுக்குள் அதிகம் தேய்ந்திருக்கக்கூடும். இத்தகைய கார்களைத் தேய்ப்பது தூரத்தைவிட வெப்பமே.

நம் சந்தையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. புனே அருகிலுள்ள சாக்கன் ஆலையில் உருவாகி 2013-ல் விற்பனைக்கு வந்த இந்தக் காரில் 1197 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் கொண்ட டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ் ஆகியவை இருந்தன. போலோவின் உற்பத்தி 2022-ல் இந்தியாவில் நின்றுவிட்டதால், அதை விரும்புகிறவருக்கு இன்று செகண்ட்ஹேண்ட் சந்தையைத் தவிர வேறு வழியில்லை.

டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்குள் இரண்டு கிளட்சுகள் இருக்கின்றன. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும், மற்றது 2, 4, 6 ஆகியவற்றோடு ரிவர்ஸையும் ஆள்கிறது. கார் இரண்டாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியர் தயாராகப் பொருத்தப்பட்டுவிடுவதால், ஒரு கிளட்ச் விலக மற்றது பிடிக்கிறது. மாற்றம் இமைப்பொழுதில் முடிகிறது. இந்தக் காரை ஓட்டுவதில் இருக்கிற இன்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது என்பேன். ஆனால் இந்தக் கிளட்சுகள் எண்ணெயில் நனையாத உலர் வகை. உராய்வில் பிறக்கும் சூட்டை ஏந்திச் செல்ல அங்கே எண்ணெய் இல்லை. சுற்றியிருக்கும் உலோகமும் காற்றும்தான் அதை மெல்ல வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சூடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நின்ற கார் நகரத் தொடங்கும்போது, எஞ்சினின் வேகத்தோடு கியர்பாக்ஸின் வேகம் ஒத்துவரும்வரை கிளட்ச் தட்டு வழுக்கியபடியேதான் விசையைக் கடத்துகிறது. சமதளத்தில், அதற்குள் காருக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழ இணையான ஆற்றல் வழுக்கலில் வெப்பமாகிவிடுகிறது. ஓட்டுநரோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அது சுமார் 4,600 ஜூல். மாலை நெரிசலில் நூறு முறை நின்று கிளம்பினால் மொத்தம் 4.6 லட்சம் ஜூல்; ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அதுவே போதும். பிரேக்கைப் பாதி விட்டபடி முன்வண்டியின் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்வது இன்னும் கொடியது: அந்த வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடிக்க வழியே இல்லாததால் வழுக்கல் முடிவதே இல்லை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் இப்படி ஊர்ந்த காரின் கிளட்ச் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்த மீட்டரும் காட்டாது.

ஆகவே சோதனை ஓட்டத்தைக் காலியான சாலையில் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளக் கூடாது. அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்டி, கிளட்ச் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெதுவாக விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்ச் வழுவழுப்பாக நகர்த்தும். தேய்ந்ததோ சூட்டில் கெட்டதோ என்றால் இருக்கை வழியாகவே ஒரு நடுக்கம் தெரியும். பிறகு அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் ரிவர்ஸில் மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும். முன்னோக்கிக் கிளம்பும்போது சோதிக்கப்படாத இரண்டாவது கிளட்ச், அப்போதுதான் முழுச் சுமையோடு வழுக்குகிறது. கியர்களை இயக்கும் மெக்காட்ரானிக் பகுதியும் வெப்பத்துக்கு விலக்கல்ல: 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்தக் கியர்பாக்ஸில் (உலர்ந்தவை கிளட்சுகள் மட்டுமே; பல்சக்கரங்களுக்கு எண்ணெய் உண்டு) வெப்பமான இடங்களில் கோளாறு தந்த செயற்கை எண்ணெய்க்குப் பதிலாகக் கனிம எண்ணெயை ஊற்ற நேர்ந்தது.

எஞ்சினைப் பொறுத்தவரை, சோதனை இதற்கு நேர்மாறாகக் குளிர்ந்த நிலையில் தொடங்க வேண்டும். பெட்ரோல் நேரடியாக எரியறைக்குள் பீச்சப்படுவதால், உள்ளிழுப்பு வால்வுகளின் பின்புறத்தைக் கழுவிவிட எரிபொருள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. எஞ்சினிலிருந்து திரும்பிவரும் எண்ணெய் ஆவி அங்கே படிந்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் கரியாக இறுகுகிறது. இது அதிகமாகிவிட்ட எஞ்சின் காலையில் முதல் சில நிமிடங்கள் தடுமாறும், சூடானதும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். விற்பவரிடம் வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

டர்போவின் நலம் எண்ணெயைச் சார்ந்தது. புகைப்போக்கி வாயுவின் வெப்பத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கும் மேல் சுழலும் அதன் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் அலுவலகம் என்றால் எண்ணெய் முழுதாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறுவதில்லை. '15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு' என்ற சர்வீஸ் விதியில் குறைவாக ஓடிய காருக்கு ஓராண்டு என்பதே முக்கியம். மூன்றாண்டில் 12,000 கிலோமீட்டர் ஓடி ஒரே முறை எண்ணெய் மாற்றிய வண்டியைவிட, ஆண்டுதோறும் மாற்றிய ரசீதுகளோடு வரும் 70,000 கிலோமீட்டர் வண்டியை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

எஞ்சினின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. தொழிற்சாலை அமைப்பில் இருக்கும் 75 நியூட்டன் மீட்டர் இடைவெளியைத்தான் ரீமேப் தின்றுவிடுகிறது.

தினசரிப் பயணமே முதன்மை என்றால், 2020 முதல் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ தானியங்கியைப் பாருங்கள் என்பதே என் கருத்து. மூன்று சிலிண்டர்களிலிருந்து 110 பிஎஸ் தரும் அந்தக் காரில், முறுக்குவிசை அதே 175 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் உலர் கிளட்சுக்குப் பதிலாக, திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு ஆறு கியர் கொண்ட கியர்பாக்ஸ் இருக்கிறது. அதிலும் கிளம்பும்போது வழுக்கல் உண்டு, ஆனால் வழுக்குவது திரவம். வெப்பத்தை அந்தத் திரவமே எடுத்துச் சென்று குளிர்விப்பானில் விட்டுவிடுகிறது. கியர் மாறும் வேகம் சற்றுக் குறையும். வார இறுதியில் மலைப்பாதையில் அது உறைக்கலாம். திங்கட்கிழமை காலை நெரிசலில் உறைக்காது.