ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பூனைக்கு இன்சுலினைக் கூட்டாதீர்கள்

"நேத்து சுகர் 380 காட்டுச்சு டாக்டர், அதான் ஒரு யூனிட் சேத்துப் போட்டுட்டேன்." சர்க்கரை ரொம்ப இறங்கி வலிப்பு வந்த பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முத்தியால்பேட்டையிலிருந்து வந்தாலும் கடலூர் முதுநகரிலிருந்து வந்தாலும் இதே பேச்சு. இந்த மாதமும் கேட்டாயிற்று. வீட்டில் சர்க்கரை பார்க்கச் சொல்வது நீங்களாக மருந்தைக் கூட்டுவதற்கு இல்லை. இன்று ஊசி போடலாமா, போட்ட பிறகு எவ்வளவு கீழே இறங்குகிறது, இந்த இரண்டும் தெரியத்தான்.

பூனைக்குப் பயம் வந்தாலே சர்க்கரை ஏறும். ஆட்டோ சத்தம், மூடிய கூடை, பக்கத்தில் குரைக்கும் நாய் இவையே போதும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300ஐத் தாண்டலாம். அதனால்தான் கிளினிக்கில் எடுப்பதைவிட வீட்டில் எடுப்பதை நம்புகிறோம். ஆனால் வீட்டிலேயே மூன்று பேர் அமுக்கிப் பிடித்து, அது சீறிக் கத்திய பிறகு எடுத்தால் அதுவும் பயத்தின் எண்தான். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், பயம் தெளிந்து சர்க்கரை தானாக இறங்கும்போது கூடுதல் இன்சுலினும் சேர்ந்து கீழே இழுக்கும். ஒரு நாள் 380இல் இருக்கும் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், மணல் தட்டை நனைக்கும். 30க்கு இறங்கிய பூனை அன்றே செத்துப்போகலாம்.

அளவை மாற்ற வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க எடுத்த எண்கள் வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் முன்னால் ஒன்று, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒன்று என 12 மணி நேரம். அதில் மிகக் குறைந்த எண், பெரும்பாலும் ஊசிக்குப் பின் 4 முதல் 8 மணி நேரத்துக்குள் வருவது, அதுதான் எங்களுக்கு முக்கியம்.

சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தத்துக்குக் குத்த வேண்டியது காது விளிம்பில். விளிம்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய்க்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை தெரியும், அங்கே. முதல் வாரம் குத்தவே வேண்டாம். காதைத் தடவி, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி, அவ்வளவுதான். குத்தும் நாளில் ஒரு சிறு துணிப்பையில் அரிசி போட்டுச் சூடாக்கி, உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு நிமிடம் ஒத்திக்கொடுங்கள். குளிர்ந்த காதில் ரத்தம் வராது. 28 கேஜ் ஊசி போதும். 33 கேஜ் மெல்லியது என்று வாங்கினால் ஆரம்பத்தில் சொட்டு கிடைக்காது. காதுக்குப் பின்னால் பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விரலில் ஏறும். 'டக்'கென்று அடிக்கும் பேனா வேண்டாம், பூனை மிரளும், கையாலேயே குத்துங்கள். ஸ்பிரிட் தடவாதீர்கள், எரியும், எண்ணும் கெடும். துளியூண்டு வாசலின் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்கும். அப்படியும் பரவினால் சுத்தமான நகத்தில் வழித்து, அதில் ஸ்டிரிப்பின் நுனியைத் தொடுங்கள். எடுத்ததும் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

மனிதர்களுக்கான மீட்டர் போதுமா என்றால், போதும், ஆனால் குறைத்துக் காட்டும். பூனை ரத்தத்தில் சர்க்கரையில் பெரும்பகுதி அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கிறது, அந்த மீட்டரோ மனித ரத்தத்துக்குச் செய்தது. எந்த மீட்டர் என்று எங்களிடம் சொல்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். நம் ஊர் கடல்காற்றில் ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிவிடும். எடுத்த கையோடு மூடுங்கள், ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

சோறும் காரப்பொடி மீனும் பிசைந்து போட்டுப் பழகிய பூனைக்குச் சோற்றை நிறுத்திக் கறிக்கு மாற்றுவது நல்லதுதான். தயவுசெய்து சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாவுச்சத்து குறைந்த சில நாளிலேயே இன்சுலின் தேவை இறங்கிவிடும். பழைய அளவு அப்போது அதிகமாகிவிடும்.

முதல் வாரங்களில் ஊசிக்கு முன் 200க்குக் கீழே இருந்தாலோ, பூனை சாப்பிடாவிட்டாலோ, ஊசி போடாமல் அழையுங்கள். 60க்குக் கீழே போய், நடக்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். தள்ளாடினால் தேனோ, கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸோ உதட்டுக்குள் வெளி ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தெளிந்து எழுந்தாலும் கொண்டுவாருங்கள், உள்ளே போன இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

வரும்போது எண்கள் எழுதிய நோட்டோடு இன்சுலின் புட்டியையும் சிரிஞ்சையும் எடுத்து வாருங்கள். கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மருந்துக்கடையில் சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்ச் கொடுத்திருந்தால், நீங்கள் 1 என்று இழுத்தது 2.5 யூனிட்டாகப் போயிருக்கும்.