ஞானஸ்நானத் தொட்டியும் ஓதம் ஏறிய சுவரும்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். போன வருடம் ஒரு கிராமத்து பாப்டிஸ்ட் சபையிலிருந்து கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துக் கிடந்தது. விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. "மூணு தடவை சிமெண்டு பூசிட்டோம் தம்பி, நிக்க மாட்டேங்குது" என்றார் சபை மூப்பர்.

சின்ன ஆலயம். மங்களூர் ஓடு, தேக்கு உத்திரம், கனமான செங்கல் சுவர், அதன் மேல் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. சுரூபம் இல்லை, பலிபீடம் இல்லை. நடுவில் பிரசங்க பீடம் மட்டும். வசனம் கேட்கத்தான் இங்கே கூடுகிறார்கள் என்று கட்டடமே சொல்லிவிடும். வெளியாள் கண்ணில் படாத ஒன்று மேடைப் பலகைக்கு அடியில் இருந்தது: ஞானஸ்நானத் தொட்டி.

பாப்டிஸ்டுகள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தன் விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்பவரைத்தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். 1800 டிசம்பரில் பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி, கிருஷ்ண பால் என்ற வங்காளிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வங்காளத்துச் செராம்பூரில், ஹூக்ளி ஆற்றில். 1878 ஜூலை 3 அன்று ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுகி எழுந்தார்கள். செட்டிநாட்டில் அப்படி ஆறு ஏது? மழை பெய்தால் நிறையும் ஊருணிதான். முன்னோர் அதில்தான் இறங்கியிருக்கிறார்கள். அது வற்றிய காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே தொட்டி கட்டிக்கொண்டார்கள்.

நான் சுவரை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னேன். தொட்டியை நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. மறுநாள் போனால், வாளியில் கோடு அப்படியே இருந்தது. தொட்டியில் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. படிக்கட்டு சுவரோடு சேரும் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. இது போதாதென்று, தொட்டியைக் காலி செய்யும் குழாய் அஸ்திவாரத்தை ஒட்டியே முடிந்திருந்தது.

அந்தத் தண்ணீர்தான் செங்கல் வழியாக ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடியும் இடத்தில் வெளியேறும், உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் அரையடி உயர்த்திப் பூசினார்கள், ஓதமும் அரையடி உயர்ந்தது. கடைசியில் கெட்டுப்போவது பூச்சு இல்லை, செங்கல். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. நல்ல மனதோடு காணிக்கை சேர்த்துச் செய்த வேலை அது.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். தொட்டிக்குள் நீர்க்காப்புச் சேர்த்த சிமெண்டு பூசுவதை நான் எதிர்க்க மாட்டேன், அது தண்ணீர் நிற்கிற இடம். குழாயைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். அப்புறம் சுவரில் உள்ள சிமெண்டை மெதுவாகக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு சுவர் காய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். அது காய்ந்த பிறகே நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூச வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

தை மாதம் சிமெண்டை எடுத்தோம். "ஞானஸ்நானத்துக்கு ஆறு பேர் காத்திருக்காங்களே" என்று பாஸ்டர் கவலைப்பட்டார். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. மூப்பர்தான் எழுந்து, "ஊருணியில மார்பளவு தண்ணி கெடக்கு, ஐயா" என்றார். அடுத்த ஞாயிறு விடியற்காலை ஆறு பேரும் அங்கேதான் இறங்கினார்கள்.